இருவாச்சி ஒரே இணையோடுதான் வாழுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் போதும், அந்தச் செய்தி எப்படியும் என் கைப்பேசிக்கு வந்துவிடும். ஒரு இருவாச்சியின் படம், கீழே நான்கு வரி: ஆண் பறவை இறந்துவிட்டால், மரப்பொந்தில் அடைபட்டிருக்கும் பெண்ணும் குஞ்சும் அதற்காகக் காத்திருந்து பட்டினியாலேயே உயிரை விடும். அனுப்புகிறவர்கள் எல்லோரும் பறவைகள்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். படத்தைத் தொடர்ந்து கேள்விகள் வரும். பல ஆண்டுகளாக ஆனைமலைப் பக்கம் பறவை பார்க்கப் போய்வருகிறேன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இருவாச்சி என்பது ஒரே பறவையா, பல வகை உண்டா?

உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இந்தியாவில் 9. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் 4 வகைகளைப் பார்க்கலாம்: பெரிய இருவாச்சி, மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, சமவெளியிலும் திரியும் சாம்பல் இருவாச்சி. இவற்றில் மலபார் சாம்பல் இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

இங்கே நான் பெரும்பாலும் பேசப்போவது பெரிய இருவாச்சியைப் பற்றி. கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் அதுதான் மாநிலப் பறவை. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர் நீளம் இருக்கும், எடை மூன்று கிலோ அளவில். மஞ்சள் அலகின்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு புடைப்பு. இரண்டு வாய் உள்ளதுபோலத் தெரிவதால் இருவாய்ச்சி என்று பேர் வந்து, அது இருவாச்சி ஆனதாகச் சொல்வார்கள். பறக்கும்போது சிறகுகளுக்கு நடுவே காற்று புகுந்து எழுப்பும் ஓசை பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல இருக்கும். பறவை கண்ணில் படுவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். மலையாளத்தில் 'மலமுழக்கி வேழாம்பல்' என்கிறார்கள். மலையையே முழங்க வைப்பது என்று பொருள். கேட்டவர்களுக்குத் தெரியும், அது மிகையே இல்லை.

ஆண் எது, பெண் எது என்று எப்படித் தெரியும்?

கண்ணைப் பாருங்கள். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெண்மை. நல்ல பைனாகுலர் இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

சரி, உண்மையிலேயே வாழ்நாள் முழுக்க ஒரே இணைதானா?

சேர்ந்த ஜோடி ஆண்டுக்கணக்கில் பிரிவதில்லை. ஒரே பொந்துக்கு ஒவ்வொரு பருவமும் திரும்பி வருவதும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரை எடுப்பதைப் பார்க்கலாம். அத்திமரம் பழுத்திருந்தால் பெரிய கூட்டமே கூடும், அந்தக் கூட்டத்திலும் யார் யாருக்கு ஜோடி என்று கொஞ்ச நேரம் கவனித்தால் புரிந்துவிடும்.

ஆனால் 'வாழ்நாள் இணை' என்ற சொல்லை நாம் கேட்கும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணை இறந்த பிறகு தனியாகவே வாழ்ந்து முடிக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் உயிரோடு இருக்கும்வரை சேர்ந்திருக்கும், ஒன்று போய்விட்டால் மற்றது வேறு இணை தேடும். உயிரியலில் வாழ்நாள் இணை என்று சொல்லும்போது இவ்வளவுதான் பொருள்.

பெண் பறவை ஏன் தன்னைத்தானே சிறை வைத்துக்கொள்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கு விடை புரிந்தால் இந்த ஜோடி ஏன் இவ்வளவு காலம் சேர்ந்திருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இருவாச்சிக்கு மரங்கொத்திபோல மரத்தைக் குடையத் தெரியாது. பழைய பெரிய மரத்தில் கிளை முறிந்தோ, உளுத்தோ தானாக உண்டான பொந்துதான் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் டிசம்பர், ஜனவரி வாக்கில் ஜோடி பொந்துகளைத் தேடிப் பார்க்கும். ஆண் முதலில் போய் எட்டிப் பார்ப்பதும், பெண் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வதும் நாள்கணக்கில் நடக்கும். ஒருநாள் பெண் உள்ளே போகும். போனதும், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் அலகால் தட்டித் தட்டி வாசலைப் பூச ஆரம்பிக்கும். சில வகைகளில் ஆண் மண் உருண்டைகளைக் கொண்டுவந்து கொடுக்கும். கடைசியில் மிஞ்சுவது செங்குத்தான ஒரு கீற்று, அலகு நுழையும் அளவுக்கு மட்டும். காய்ந்த பிறகு அந்தப் பூச்சு நல்ல கெட்டியாகிவிடும்.

பாம்பு, குரங்கு, மரநாய் எதுவும் உள்ளே வர முடியாது. பொந்துக்குப் போட்டி போடும் வேறு இருவாச்சிகளும் வர முடியாது. உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டை இடும். 38 முதல் 40 நாள் அடைகாக்கும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. உள்ளே போன பெண் தன் சிறகு இறகுகளையும் வால் இறகுகளையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். மற்றப் பறவைகளில் பெரும்பாலானவை பறக்கும் திறன் போகாதபடி ஒவ்வொன்றாக உதிர்க்கும். இருவாச்சிப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை, எப்படியும் உள்ளேதானே இருக்கப்போகிறது. ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? புது இறகு முளைக்கும்வரை பல வாரங்களுக்கு அது பறக்கவே முடியாது. அதன் சோறு, தண்ணீர், குஞ்சின் உயிர் எல்லாம் வெளியே இருக்கும் ஒரே ஒரு பறவையின் கையில். பழத்தில் இருக்கும் ஈரம்தான் அதற்குத் தண்ணீர்.

நேற்றுப் பார்த்த ஆணை நம்பி எந்தப் பெண்ணும் இப்படி உள்ளே போய் வாசலைப் பூசிக்கொள்ள முடியாது. ஜோடி சேர்வதற்கு முன்பும் பின்பும் ஆண் பழம் ஊட்டுவது, இரண்டும் அலகோடு அலகு உரசுவது, சேர்ந்து குரல் கொடுப்பது எல்லாம் வெறும் அலங்காரம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆண் என்னதான் செய்கிறது?

ஒரு பிப்ரவரி மாதம், வால்பாறைக்கு மேலே ஒரு காட்டுத் துண்டில், கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் காலை ஆறரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த ரயில் சத்தம். ஆண் வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தது. பத்து நிமிடம் அசையவில்லை. பின்பு கூட்டு மரத்துக்குத் தாவி, பட்டையைப் பற்றிக்கொண்டு, தொண்டையைக் குலுக்கி ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. கீற்றுக்குள்ளிருந்து வெளிறிய அலகு நுனி நீண்டு அதை வாங்கிக்கொண்டது. மறுபடியும் ஒரு குலுக்கல், இன்னொரு பழம். ஒன்றொன்றாக எண்ணினேன், நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. கடைசியில் ஆண் கீற்றருகே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்து போனது. நான் பார்த்த காட்சிகளில் இதுபோல என்னை அசைத்தவை குறைவு.

இந்த வேலையை அது ஒரு நாளைக்குப் பலமுறை செய்ய வேண்டும், ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு. ஆல், அத்தி இனப் பழங்கள்தான் பெரும்பகுதி. காட்டு ஜாதிக்காய், குங்கிலிய மரத்தின் பழங்களும் உண்டு. குஞ்சு பொரித்த பிறகு பல்லி, பூச்சி, சின்னப் பறவை என்று புரதமும் வரும்.

பெண்ணும் சும்மா இருப்பதில்லை. எச்சத்தைக் கீற்று வழியாக வெளியே பீய்ச்சிக் கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் ஆன குஞ்சும் அதையே செய்யும். விழுங்கிய கொட்டைகளும் வெளியே வந்து விழும். கூட்டு மரத்தடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பருவத்தின் சாப்பாட்டுக் கணக்கே கிடக்கும், சிலது முளைவிட்டும் நிற்கும். இருவாச்சி என்ன தின்கிறது என்பதை ஆய்வாளர்கள் பெருமளவு தெரிந்துகொண்டது இந்தக் கொட்டைகளைப் பொறுக்கித்தான்.

அப்படியானால் ஆண் இறந்தால் பெண்ணும் குஞ்சும் சாகும் என்பது உண்மையா?

பாதி உண்மை. அந்த மறுபாதியைச் சொல்லாமல் விடுவது பெண் பறவைக்குச் செய்யும் அநியாயம்.

அடைப்பைக் கட்டியது பெண்தான், உடைப்பதும் அதனால் முடியும். வழக்கமாகவே குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் அது தன் அலகால் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. ஆகவே ஆண் வராமல் போனால், உடன்கட்டை ஏறுவதுபோல உள்ளேயே கிடந்து சாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வெளியே வர முயலும். ஆனால் எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறகு உதிர்த்த புதிதில் ஆண் சுடப்பட்டால், வெளியே வந்தும் அதனால் பறக்க முடியாது, கீழே எதற்காவது இரையாகலாம். இறகு முளைத்த பிறகு என்றால் பிழைத்துக்கொள்ளும். முட்டையும் சிறு குஞ்சும் பிழைப்பது மிகக் கடினம்.

வேட்டைக்காரன் ஒரு ஆண் இருவாச்சியைச் சுட்டால் ஒரு குடும்பமே போய்விடும் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அது துக்கத்தால் நடப்பது என்று சொல்லத் தேவையில்லை. சாப்பாடு நின்றுபோவதால் நடப்பது. அதுவே போதுமான கொடுமை.

இணையாக இருந்துகொண்டே வேறு பறவையோடு சேராதா?

நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

பறவைகளில் பத்தில் ஒன்பது வகைகள் ஜோடியாகக் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பவை. குஞ்சுகளின் மரபணுவைச் சோதிக்கும் வசதி வந்த பிறகு தெரிந்த செய்தி, அந்த ஜோடிகளில் பலவற்றில் சில குஞ்சுகளுக்கு அப்பா பக்கத்து ஆண். ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் அன்னங்களிலேயே, ஆஸ்திரேலியாவின் கருப்பு அன்னத்தில், ஏறத்தாழ ஆறில் ஒரு குஞ்சு அப்படி. அதனால் சேர்ந்து குடும்பம் நடத்துவது வேறு, மரபணு அளவில் ஒரே இணை என்பது வேறு என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பேசுகிறார்கள்.

இருவாச்சிகளில் நமீபியாவில் வாழும் மான்டீரோ இருவாச்சியைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். எல்லாக் குஞ்சுகளும் அந்தந்தக் கூட்டுக்குச் சோறு கொண்டுவந்த ஆணுடையவையே. வாசலைப் பூசிக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்ணின் வாழ்க்கையை நினைத்தால் இது பொருந்தித்தான் வருகிறது. நான்கு மாதம் ஓடி ஓடி உழைக்கும் ஆணுக்கு, வளர்வது தன் குஞ்சுதான் என்பது சும்மா கிடைத்த உறுதி இல்லை.

இப்படி வாழும் வேறு விலங்குகள் எவை?

தூரத்தில் தேட வேண்டாம், மழை விட்ட மாலையில் உங்கள் வீட்டு விளக்கைச் சுற்றுகிறதே, ஈசல், அதிலிருந்தே தொடங்கலாம். தரையில் விழுந்து இறக்கையை உதிர்த்த பிறகு இரண்டு ஈசல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டிபோல ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னே போவது பெண், பின்னால் விடாமல் தொடர்வது ஆண். பிழைத்த ஜோடி மண்ணில் ஒரு குழி தோண்டி உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அவைதான் பிற்காலத்தில் ஒரு கறையான் புற்றின் ராஜாவும் ராணியும். எறும்பிலும் தேனீயிலும் ஆண் சேர்ந்தவுடன் செத்துவிடும், கறையான் ராஜா அப்படியில்லை. ராணியின் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழும். ஒற்றுமைக்கு அன்னத்தைச் சொல்கிற நாம் ஈசலைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

நன்னீர் மீன்களின் செவுளில் ஒட்டுண்ணியாக வாழும் டிப்ளோசூன் என்ற தட்டைப்புழு இன்னும் ஒரு படி மேலே. இரண்டு இளம் புழுக்கள் சந்தித்தால் உடலோடு உடல் ஒட்டி வளர்ந்து ஒன்றாகிவிடும். பிறகு பிரிவு கிடையாது.

கடல்மேல் வாழும் ஆல்பட்ராஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 1956-ல் ஒரு லேசான் ஆல்பட்ராஸ் பெண்ணுக்குக் காலில் வளையம் மாட்டினார்கள். அப்போதே அது முட்டையிடும் வயதில் இருந்தது. விஸ்டம் என்று பெயர் வைத்த அந்தப் பறவை 2024 இறுதியிலும் அதே தீவுக்கு வந்து முட்டையிட்டது, எழுபது வயதைத் தாண்டிய நிலையில். நெடுங்காலம் கூட இருந்த ஆண் சில ஆண்டுகளாக வரவில்லை, இந்த முறை வேறொரு ஆணோடு. வாழ்நாள் இணை என்பதற்கு நான் மேலே சொன்ன பொருளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பென்குவினையும் எல்லோரும் கேட்பார்கள். பேரரசப் பென்குவின்கள் ஒரு பருவத்துக்கு ஒரே இணைதான், ஆனால் அடுத்த ஆண்டு பெரும்பாலானவை வேறு இணையோடு சேர்கின்றன. கூடு என்று ஓர் இடம் இல்லாத பறவை அது. திரும்பி வந்து சந்திக்க ஒரு முகவரி வேண்டாமா? இருவாச்சிக்கு மரம் இருக்கிறது, ஆல்பட்ராஸுக்குத் தீவில் அதே அடி மண் இருக்கிறது.

பாலூட்டிகளில் ஏன் இது அரிது?

நூற்றில் பத்துக்கும் குறைவான வகைகளில்தான் உண்டு. குட்டி தாயின் வயிற்றில் வளர்கிறது, பிறகு தாயின் பாலில் வளர்கிறது, ஆண் உதவ இடம் குறைவு. நம் நாட்டில் அசாம் பக்கம் வாழும் ஹூலக் கிப்பன் குரங்கு ஒரு விதிவிலக்கு. ஆணும் பெண்ணும் காலையில் சேர்ந்து பாடும்.

அமெரிக்கப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி வோல் என்ற எலி இனமும் இப்படித்தான். அதன் மூளையில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் செய்யும் வேலையால்தான் இணை உருவாகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2023-ல் வந்த ஓர் ஆய்வில் ஆக்சிடோசினை ஏற்கும் அமைப்பே இல்லாமல் பிறந்த எலிகளும் இணை சேர்ந்தன. 'காதல் ஹார்மோன்' என்று ஒரே பொருளின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவைக்க முடியாது என்று அதற்குப் பிறகு புரிந்தது.

விலங்குகளில் விவாகரத்து உண்டா?

உண்டு, ஆய்வாளர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பொதுவாகக் குஞ்சு பொரிக்காமல் போன ஜோடிகள் பிரியும். பாக்லாந்து தீவுகளின் கரும்புருவ ஆல்பட்ராஸ்களைப் பற்றி 2021-ல் வந்த ஆய்வில், கடல் வெப்பம் கூடிய ஆண்டுகளில் பிரிவு 8 சதவீதம்வரை போனது. மற்ற ஆண்டுகளில் அது மிகவும் குறைவு. சூடான கடலில் இரை குறையும், தேடிப் போகும் தூரம் கூடும், திரும்பத் தாமதமாகும். குஞ்சு பொரித்த ஜோடிகள்கூட அந்த ஆண்டுகளில் பிரிந்தன என்பதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது.

சங்கப் பாடல்களில் வரும் அன்றில் இருவாச்சியா?

இல்லை. இணை பிரிந்தால் உயிர் வாழாது என்று புலவர்கள் பாடிய அன்றிலுக்கு அவர்களே அடையாளமும் சொல்லியிருக்கிறார்கள். நெருப்புப் போன்ற சிவந்த தலை, இறாலைப்போல வளைந்த அலகு, உயர்ந்த பனையில் கூடு, இரவில் உருக்கும் குரல். இருவாச்சி பனையில் கூடு கட்டாது. உச்சந்தலையில் சிவப்பும் வளைந்த நீண்ட அலகும் உள்ள கருப்பு அரிவாள் மூக்கன்தான் அன்றில் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மாடு மேயும் வயல்வெளிகளில் அது இன்றும் ஜோடியாகத் திரிகிறது.

இருவாச்சிக்கு இப்போது என்ன ஆபத்து?

பெரிய இருவாச்சியை 2018-ல் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். வேட்டை ஒரு காரணம். அதைவிடப் பெரியது மரம். நூறு ஆண்டு நின்ற மரத்தில்தான் அதற்கு ஏற்ற பொந்து உண்டாகும். 'உளுத்த மரம், எதற்கும் உதவாது' என்று வெட்டித் தள்ளுகிறோமே, அதுதான் அதற்கு வீடு. ஒரு கூட்டு மரம் விழுந்தால் அடுத்த பருவத்தில் அந்த ஜோடி சேர்ந்தே இருக்கும், ஆனால் முட்டையிட இடம் இருக்காது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். முன்பு தேன் எடுக்கப் போகும் வழியில் குஞ்சுகளை எடுத்த கைகள் அவை, மரம் மரமாக அவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்து நான்கு வகை இருவாச்சிகளும் அங்கே இருக்கின்றன. அருணாசலத்தின் பக்கே புலிகள் காப்பகத்தையொட்டி நிஷி மக்கள் 2011-12 முதல் கூடுகளைத் தத்தெடுக்கும் திட்டத்தில் காவலர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய தலைப்பாகையில் இருவாச்சி அலகு இருப்பது மரபு, அதற்குப் பதிலாக இப்போது ஃபைபர் அலகுகள் வந்துவிட்டன. தாய்லாந்தில் பிலாய் பூன்ஸ்வாட் என்ற பேராசிரியர் 1978-ல் ஆய்வைத் தொடங்கி, குஞ்சு திருடியவர்களையே கூட்டுக் காவலர்களாக மாற்றினார்.

கூட்டைப் பார்க்க ஆசை. எங்கே, எப்படிப் போகலாம்?

டாப்ஸ்லிப், வால்பாறை, நெல்லியாம்பதி, வாழச்சால் பக்கம் வாய்ப்பு அதிகம். ஆனால் கூட்டைப் பார்க்கப் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் வராது. தூரத்தில் உட்கார்ந்து, தொண்டை நிறையப் பழத்தோடு காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு நல்ல படத்துக்காக நிற்கும் ஒரு மணி நேரம், உள்ளே இருப்பவற்றுக்குப் பட்டினி நேரம். கூட்டின் இடத்தை இணையத்தில் போடவும் வேண்டாம். பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளி உட்காருங்கள், அவையே உங்களைத் தேடி வரும்.

பெண் வெளியே வந்த பிறகு குஞ்சு தனியாக இருக்குமா?

இருக்கும். தாய் சுவரை உடைத்து வெளியே வந்ததும், உள்ளே இருக்கும் குஞ்சு அந்த வாசலைத் தானே திரும்பப் பூசி அடைத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு கீற்றுக்கு வெளியே பழத்தோடு வரும் அலகுகள் இரண்டு.